கண்டதாகச் சொன்ன கனவுகள்

பஸ்ஸுக்குள் யாருடைய கைபேசியோ பழைய வீட்டு டெலிபோன் மாதிரி அடித்தது. பாட்டு இல்லை, பறவைச் சத்தம் இல்லை. வெறும் இரும்பு மணி. ஒரு மூச்சு விட்டு மறுபடியும் மணி. பம்பலப்பிட்டி தாண்டி, காலி ஊருக்குப் போகிற காலி வீதி முழுக்க வாகனங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. கைபேசிக்காரர் தூங்கிவிட்டார் போலும். யாராவது எடுங்களேன் என்று எழுந்து நின்று கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. எடுக்காமல் விட்டால் அந்த மனுஷி கவலைப்படுவாரே. பால் பொங்குகிற நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து வருகிற அழைப்பல்லவா அது. எடுத்ததும், யார் கதைக்கிறது என்ற கேள்விகூட இல்லாமல், ஒரு குரல் நேரே உள்ளே வந்து உட்காரும்.

"பிள்ளை, ராத்திரி நீ என்ர கனவில வந்தனீ."

என் மாமியார். இதை முதன்முதலில் அவர் சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் கண்ணால் கண்டதே இல்லை.

"கட்டில் விளிம்பில பச்சைச் சட்டையோட இருந்தனீ. கால் ரெண்டும் வீங்கிக் கிடந்துது. கனவிலயே எனக்கு ஏக்கமாப் போச்சு. உப்பைக் குறை, என்ன? காலை உயர்த்தி வைச்சுப் படு."

குனிந்து பார்த்தேன். சட்டை மஞ்சள். ஆனால் கால்கள் உண்மையாகவே வீங்கித்தான் இருந்தன. வயிற்றில் மகள். சுவரிலிருந்த அந்தோனியாரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். பின்னேரம் என் கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். இவர் சப்பாத்தைக் கழற்றியபடி சிரித்தார்.

"அம்மாவாவது, கனவாவது. நான்தான் ஓபிசில இருந்து ஃபோன் எடுத்து உம்மட காலைப் பற்றிச் சொன்னனான்."

"அப்ப ஏன் கனவுன்னு சொல்றாங்க?"

"அவ அப்பிடித்தான்."

அப்படித்தான் என்றால் எப்படி என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. கடினமான எதையும் மாமி நேரே சொல்லமாட்டார். சிறுவனாக இருந்தபோது இவர் கணக்கில் சறுக்கிய ரிப்போர்ட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாராம். காலையில் தலை வாரிவிடும்போது, "உன்ர புத்தகப் பைக்குள்ள ஒரு பூனைக்குட்டி மூச்சு முட்டிக் கத்திற மாதிரிக் கனவு கண்டனான், தம்பி" என்றாராம் மாமி. மேல் மாடியில் ஒருவன் மனைவிக்கு அடிப்பான். படிக்கட்டில் அவனை மறித்து, "தம்பி, உன்ர மனுசி சூட்கேசோட எங்கட வீட்டுக்கு வந்திட்டா. இனித் திரும்பிப் போகமாட்டாவாம். கனவுதான். எண்டாலும் சொல்லி வைக்கவேணும் எல்லோ?" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த ஆள் மாமியைக் கண்டால் சுவரோடு சுவராகப் போவானாம்.

உண்மையாகக் கண்ட கனவுகள் அவருக்கும் இருந்திருக்கும். அவற்றை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. கெட்ட கனவை ஓடுகிற தண்ணீரிடம் சொல்லவேண்டும் என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். குசினிக் குழாயைத் திறந்துவிட்டு, குனிந்து, அதனிடம் முணுமுணுப்பாராம். வாசலில் ஒளிந்து நின்று கேட்டாலும் தண்ணீர்ச் சத்தம் மட்டுந்தான் கேட்கும் என்றார் இவர். அந்தக் குழாய் வழியாக எத்தனை பயங்கள் வெள்ளவத்தைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தனவோ.

நான் கொட்டாஞ்சேனைப் பெண். துறைமுகத் தொழிலாளியின் மகள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவள். இவர் யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டின் ஒரே பிள்ளை. நாங்கள் கல்யாணப் பதிவு எழுதிய அன்று மாமா வெள்ளவத்தை வீட்டின் சாமித்தட்டுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் வாயால் சொன்னால் போதாது அவருக்கு.

"அவன்ர கதை இந்த வீட்டில கதைக்கமாட்டன், அவன்ர வீட்டுப் படி மிதிக்கமாட்டன் எண்டு அடிச்சு நூரும்."

மாமி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அதைக் கேள்விப்பட்ட இவரும் சும்மா இருக்கவில்லை. தாயிடம் ஃபோனில், "இனி உங்கட மனுசன்ர கதை எனக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மாமி இருந்த மாடிக் கட்டிடத்தில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கனடாவில், லண்டனில், நோர்வேயில் இருந்தார்கள். தினமும் கைபேசித் திரையில் வந்து அம்மா அப்பாவோடு சிரித்தார்கள். இவர்களுடைய பிள்ளை மட்டும் ஒரு பஸ் தூரத்தில் இருந்தான்.

மாமி சத்தியத்தை மீறவில்லை. கடைசிவரை மீறவில்லை. "சத்தியம் சத்தியந்தான், பிள்ளை. ஆனா கனவு என்ர கையிலயோ கிடக்கு? அது தன்ர பாட்டில வரும்" என்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தகப்பனும் மகனும் வாய் திறந்து ஒருவரோடொருவர் கதைக்கவேண்டும். அதற்காகத்தான் விடிய எழும்பிக் கனவு கண்டார்.

மாமா கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிற நேரம் எங்கள் வீட்டுக்கு ஃபோன் வரும். இவர் எடுத்தால், "அப்பா மெலிஞ்சு போன மாதிரிக் கனவு கண்டனடா, முழங்கால் நோவாம்" என்பார் மாமி. அடுத்த நாள் இவர் ஓபிசிலிருந்து வரும்போது நோவெண்ணெய்ப் போத்தல் ஒன்று பையில் இருக்கும். அது எப்படியோ வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரும். மாமா நடந்து முடித்து வந்து ஆங்கிலப் பேப்பரை விரித்ததும் அந்தப் பக்கத்துக் கனவு தொடங்கும்.

"இஞ்சாருங்கோ, விடியப்புறம் ஒரு கனவு. அவனுக்கு வேலை நிரந்தரமாக்கிப் போட்டினம்."

பேப்பர் அசையாதாம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வருமாம்.

"உம்மட கனவில, அவனுக்குத் தனி மேசை குடுத்தவையோ?"

"ஜன்னல் பக்கமாக் குடுத்தவை."

"ம். ஜன்னல் பக்கம் வெய்யில் படும். திரை போடச் சொல்லும். கனவில."

மகள் பிறந்த செய்தியும் அந்த மேசைக்கு அப்படித்தான் போனது. "பெட்டைக்குட்டி. சுருட்டைத் தலை. உங்கட மூக்கு" என்றாராம் மாமி. மாமா அன்றைக்குத்தான் பேப்பரை மடித்துக் கீழே வைத்தாராம். "என்ர மூக்கோ? பாவம்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லையாம். இதையெல்லாம் மாமி எனக்கு ஃபோனில் அப்படியே நடித்துக் காட்டுவார். மாமாவின் குரலுக்கு ஒரு கனம், பேப்பர் மடிக்கிற சத்தத்துக்கு ஒரு சர்ர்ர். நான் இந்தப் பக்கம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சிரிப்பேன். கண்ணும் நிறையும்.

நாங்கள் நேரில் கண்டது அந்தோனியார் கோவிலில். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே எல்லாச் சமயத்தவரும் வருவார்கள். மாமியும் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் மெழுகுதிரி. மகளுக்கு அப்போது நடக்கிற வயது. நான் தயங்கி, "மாமி, இங்க எங்க வீட்டுக்குப் பக்கம். உங்க சத்தியம்..." என்றேன்.

"உங்கட வீட்டுப் படியெல்லோ மிதிக்கமாட்டன் எண்டனான்? இது ஆற்ற வீடு? இவர் ஒருத்தரையும் வராதை எண்டு சொன்னவரே?" என்று அந்தோனியாரைக் கையால் காட்டினார். பிறகு குனிந்து மகளுடைய மூக்கை ஒற்றை விரலால் தடவிப் பார்த்தார். தடவிக்கொண்டே இருந்தார்.

நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளமான மனுஷி. ஃபோனில் அந்தக் குரல் உயரமாக இருக்கும். செருப்பு ஒருபக்கம் தேய்ந்திருந்தது. சேலைத் தலைப்பில் எப்போதும் ஏதாவது முடிந்திருக்கும்: ஒரு எலுமிச்சம்பழம், மகளுக்கு ஒரு வளையல், எனக்கு வல்லாரை. செவ்வாய்தோறும் வெயிலும் மெழுகும் கலந்து மணக்கிற அந்த முற்றத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பெஞ்சில் இருப்போம். புறாக்கள் எழும்பும், விழும். துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதும். அந்த நேரங்களை நினைத்தால் அவை நடந்தவையா, மாமி யாருக்கோ சொன்ன கனவா என்று எனக்கே இப்போது குழப்பம் வருகிறது.

மகள் பேசத் தொடங்கியதும் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் பெஞ்சில் காலை ஆட்டியபடி சொன்னாள்.

"அப்பம்மா, அப்பப்பா என்ட கனவுல வந்தாரு. சொக்லட் தந்தாரு."

"ஐயோ, என்ர குஞ்சு! என்ன சொக்லட்?"

"பெரிசு."

அடுத்த செவ்வாய் மாமியின் சேலைத் தலைப்பில் எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு பெரிய சொக்லட் இருந்தது. மாமா தானே காலி வீதியைக் கடந்து போய் வாங்கினாராம். கடைக்காரன் சின்னதை நீட்ட, "எப்பா, லொக்கு எக்க" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெரியதைக் கேட்டு வாங்கினாராம். "கனவில வந்தது பெரிசெண்டு பிள்ளை சொன்னவள்" என்று மாமியிடம் விளக்கம் வேறு.

இப்படியே வருடங்கள் போயின. மகள் பள்ளிக்கூடம் போனாள், அவளுக்குப் பல் விழுந்து முளைத்தது, இரட்டைப் பின்னல் போட்டாள். மாமா கனவில் எல்லாவற்றையும் கேட்டறிந்தார். இவரும் கனவில் தகப்பனுக்கு மருந்து வாங்கினார், கண் சத்திரசிகிச்சைக்கு வைத்தியர் பார்த்தார். காலையில் தாயின் ஃபோனை வைத்துவிட்டு விசிலடித்தபடி குளிக்கப் போவார். அந்தப் பக்கம் மாமா கனவு கேட்டு முடித்து இன்னொரு தேத்தண்ணி கேட்பாராம். இரண்டு ஆண்களும் திருப்தியாக இருந்தார்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தது மாமிதான். ஒரு செவ்வாய், மெழுகுதிரியைக் கொளுத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியது அவருக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கி முற்றம் வரை வருவதற்குள் இரண்டு தரம் நிற்பார்.

"பிள்ளை, நான் பெரிய மடைச்சி."

"என்ன மாமி?"

"பாலம் போடுறன் எண்டு நினைச்சு ரெண்டு பேருக்கும் பாய் போட்டுக் குடுத்திட்டன். சுகமாப் படுத்திருக்கினம். இனி ஏன் எழும்புவினம்? நான் இருக்குமட்டும் அவைக்கு ஒருத்தற்ற முகம் ஒருத்தருக்குத் தேவையில்லை. நான் போனாப் பிறகு?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாய் எடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"இண்டையோட கனவு முடிஞ்சுது."

முடிந்துதான் போனது. அடுத்த நாள் காலையில் ஃபோன் வந்தது. இவர் எடுத்தார். தாய் காலநிலை பற்றிக் கதைத்தார். முருங்கைக்காய் பற்றிக் கதைத்தார். இவர் காத்திருந்தார்.

"அம்மா, கனவொண்டும்..."

"இல்லையடா."

அன்று விசில் இல்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. "அம்மாவுக்கு என்னோட என்ன கோவம்?" என்று என்னைக் கேட்டார். வெள்ளவத்தை மேசையிலும் அதே கதைதானாம். மாமா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் திருப்பாமல் இருந்தாராம்.

"என்ன, இண்டைக்கும் ஒண்டும் காணேல்லையோ நீர்?"

"இல்லை."

"வடிவா யோசிச்சுப் பாரும். சில வேளை மறந்திருப்பீர்."

"நித்திரை வந்தாலெல்லோ கனவு வரும்."

பிறகு ஒரு காலை, மாமி ஃபோனில் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு சொன்னார். மாமா பல் துலக்கிய கையோடு வந்து மேசையில் நேராக நிமிர்ந்து இருந்து, கந்தோரில் அறிக்கை வாசிப்பதுபோல், "நான் ஒரு கனவு கண்டனான்" என்றாராம். வாழ்நாளில் முதல் தரம்.

"சொல்லுங்கோ" என்றாராம் மாமி.

"அவன் வந்து எங்கட வாசல்ல நிண்டான்."

"உள்ள கூப்பிட்டனீங்களோ?"

மாமா மேசை விரிப்பைத் தடவினாராம். "இல்லை... அதுக்குள்ள முழிப்பு வந்திட்டுது."

"அப்ப திரும்பப் போய்ப் படுங்கோ. கூப்பிட்டிட்டு எழும்பி வாங்கோ. தேத்தண்ணி அப்ப தாறன்."

நானும் சிரித்தேன். அந்தப் பக்கத்தில் அவருடைய மூச்சு இழுபட்டுக்கொண்டிருந்தது, யாரோ மரப்பலகையை மெல்ல அறுப்பதுபோல. டொக்டரிடம் போவோம் என்றேன். "போகலாம், போகலாம். முதல்ல இது முடியட்டும்" என்றார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. கரண்ட் இல்லை. பால் பொங்குகிற நேரத்தில் ஃபோன் அடித்தது. எடுத்தேன். குரல் இல்லை. யாரோ தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது.

"மாமி?"

"நான்... அவன்ர தகப்பன் கதைக்கிறன்."

அந்தக் குரலை நான் மாமியின் நடிப்பில் மட்டுந்தான் கேட்டிருந்தேன். அப்படியேதான் இருந்தது.

"அவவுக்கு மூச்சு முட்டுது. கீழ் வீட்டுக்காரர் வான் எடுக்கிறார். கரண்ட் இல்லை, லிப்ற் வேலை செய்யாது. என்னால தனியத் தூக்கேலாது." நிறுத்தினார். "அவன் நிக்கிறானோ?"

"நிக்கிறாரு."

"வரச் சொல்லும்."

இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வாறனெண்டு சொல்லும்" என்றார் என்னிடம், ரிசீவர் ஒரு சாண் தூரத்தில் இருக்க.

மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு ஓட்டோவில் போனோம். நனைந்த வீதி, திறக்காத கடைகள், பக்கத்தில் எங்களோடு கூடவே வந்த கடல். மூன்று மாடி ஏறினோம். கதவு அகலத் திறந்து கிடந்தது. இவர் வாசற்படியில் நின்றுவிட்டார். உள்ளே, சாப்பாட்டு மேசைக் கதிரையில், தலையணை முதுகுக்கு வைத்து மாமி. பக்கத்தில் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு ஒரு உயரமான கிழவர். அவர் இவரைப் பார்த்தார். கையை மட்டும் உள்ளே வா என்பதுபோல் அசைத்தார்.

இவர் உள்ளே வந்ததும் மாமி, மகனைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துத்தான் கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"நான்... இனி இவன்ர கதை... கதைக்கலாமோ?"

மாமாவின் தாடை ஆடியது. "கதையும்" என்றார். "எல்லாத்தையும் கதையும்."

கதைக்க அவருக்கு மூச்சு இருக்கவில்லை. கதிரையோடு தூக்கினார்கள். மேல் பக்கம் மாமா, கீழ்ப் பக்கம் இவர். நான் தண்ணீர்ப் போத்தலும் பையுமாகப் பின்னால் போனேன். இருட்டுப் படிக்கட்டு. இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒருவர் இழுக்க மற்றவர் தள்ள, முதல் திருப்பத்தில் கதிரைக் கால் சுவரில் மோதி மாமி ஒரு பக்கம் சரிந்தார். அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமி இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கதைச்சுத் தூக்குங்கோவன். என்னை விழுத்திப் போடுவியள்."

படிக்கட்டில் மழைத்தண்ணீர் எங்கோ சொட்டுகிற சத்தம். பிறகு இவருடைய குரல், கரகரத்து வந்தது.

"அப்பா... உங்கட பக்கம் கொஞ்சம் உயர்த்துங்கோ."

"உயர்த்திட்டன். நீ படி பார்த்து வை. அதில ஈரம்."

"முழங்கால் நோகுதோ?"

"நோகேல்லை. திருப்பு... இடப்பக்கம்... ஓம், அப்பிடித்தான்."

கீழே வரும்வரை அந்த இரண்டு குரல்களும் ஓயவில்லை. ஈரம், திருப்பு, மெல்ல, பிடிச்சிருக்கிறன் அப்பா, கவனம் தம்பி. மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பல் வலிக்காரன் வலி நின்ற கணத்தில் முகத்தை வைத்திருப்பானே, அப்படி ஒரு முகம்.

வானின் பின் இருக்கையில் மாமியைச் சாய்த்து வைத்தார்கள். மாமா ஒரு பக்கம் ஏறினார், இவர் மறுபக்கம். நானும் ஏறி, முன்னால் கிடந்த சின்ன இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சாரதி சாவியைத் திருப்பினான். மாமி கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். என் கையைப் பிடித்தார். உள்ளங்கை சில்லென்று இருந்தது. அன்று பின்னேரம் அவர்கள் இரண்டு பேரும்தான் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அந்த வானுக்குள், கதவு இழுத்துச் சாத்தப்படுமுன் சொன்னதுதான்.

"நீ இறங்கு, பிள்ளை. அவை ரெண்டு பேரும் வரட்டும். நீ போய்ச் சோறு போடு. பசியோட வருவினம். ஒரே மேசையில வை."